முதலாளியும் தொழில்தருநரும்

‘எம்ப்ளாயர்’ என்றதும் ‘முதலாளி’ என்று எழுதிவிடுகிறோம். சட்டத் தமிழில் இது என்னை உறுத்துகிறது. முதல் என்றால் தொடக்கம், அடி. பிறகு வணிகத்தில் போட்ட பணம். பங்காளி, கூட்டாளி, நோயாளி போல, முதலை உடையவர் முதலாளி. வேலை கொடுப்பவர் என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது. அமெரிக்காவின் 1974 ரயில்வே ஓய்வூதியச் சட்டத்தில் இந்தக் குழப்பம் வெளிப்படுகிறது. ஒரு ரயில் நிறுவனத்தின் துணை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அதில் முதல் போட்டது தாய் ரயில் நிறுவனம். ஆனால் ரயில் போக்குவரத்தோடு சேர்ந்த பணியைத் தொடர்ந்து செய்தால் துணை நிறுவனமே ‘எம்ப்ளாயர்’. தாய் நிறுவனத்தின் ரயில் பெட்டிகளைப் பழுதுபார்த்தால் சட்டத்துக்குள் வரும். லாரி மட்டும் ஓட்டினால் வராது. தொழிலாளியின் ஓய்வூதியமே இதைப் பொறுத்தது. இலங்கை அரசுத் தமிழில் வழங்கும் ‘தொழில்தருநர்’ இங்கே கச்சிதம். சட்டம் பேசுமிடத்தில் நாமும் அதையே எழுதுவோம்.