ராஸ் துரை எடுத்த லீவு

"மாமா, ஒரு வருஷம் இந்த ஓட்டத்தை நிறுத்திட்டு ஹைதராபாத் வந்து உட்காரலாம்னு இருக்கேன். கம்பெனி சம்மதிச்சா அங்கிருந்தே வேலை பார்ப்பேன். இல்லேன்னா சம்பளமில்லாத லீவு. நீங்க பேங்க் ஆளு, கணக்குப் போட்டுச் சொல்லுங்க."

அமெரிக்காவில் இருக்கும் அக்கா பையன் போன மாதம் போனில் கேட்டது இது.

கணக்கு பெரிய விஷயமே இல்லை. அங்கே ஒரு மாத வாடகைக்குக் கொடுக்கும் பணத்தில் இங்கே எத்தனை மாதம் தள்ளலாம், 182 நாள் தாண்டித் தங்கினால் வருமான வரிக்காரர்கள் என்ன கேட்பார்கள், எல்லாம் பத்து நிமிட வேலை. பி.காம். படித்ததற்கு அது கூடவா தெரியாது? ஆனால் நான் கணக்கை முடிப்பதற்குள் அக்காவிடமிருந்து போன். "நல்ல வேலையை விட்டுட்டு வரேங்கறான். நீயும் அவன் கூடச் சேர்ந்து தலையாட்டாதே, சொல்லிட்டேன்."

தலையாட்டவில்லை. சும்மாவும் இருக்க முடியவில்லை. ஏனென்றால் லீவு விஷயத்தில் நான் நடுநிலையான ஆள் இல்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் தினமும் ஆபீசுக்குப் போவது பேகம்பேட்டை வழியாக. அங்கே பழைய விமான நிலையத்துக்குப் பக்கத்தில், உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் பொறுப்பில், ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. சர் ரொனால்ட் ராஸ் பெயரில் உள்ள ஒட்டுண்ணியியல் நிறுவனம். மலேரியா கொசுவால் பரவுகிறது என்பதற்கான முதல் உறுதியான தடயம் 1897 ஆகஸ்டு 20 அன்று இந்த செகந்திராபாத்தில்தான் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். ஆகஸ்டு 20 உலகக் கொசு தினம் என்று கூடச் சிலருக்குத் தெரிந்திருக்கும்.

அந்தக் கதையை ஒரு பேங்க் ஆபீசர் கண்ணால், அதாவது லீவ் ரெஜிஸ்டரைப் புரட்டுகிற கண்ணால் படித்தால் வேறு மாதிரி தெரிகிறது. அதைத்தான் எழுத வந்தேன்.

ரொனால்ட் ராஸ் 1857-ல் இமயமலை அடிவாரத்து அல்மோராவில் பிறந்தவர். அப்பா ராணுவ அதிகாரி. பையனுக்குக் கவிதை, ஓவியம், சங்கீதம், கணக்கு எல்லாவற்றிலும் ஆசை. டாக்டர் படிப்பில் மட்டும் ஆசை இல்லை. அப்பா சொன்னார், பையன் படித்தான். (நம் வீடுகளில் நடக்காததா?) 1881-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். சென்னை, விஜயநகரம், பர்மா, அந்தமான் என்று மாற்றல் மேல் மாற்றல். பட்டாளத்துக்காரர்களுக்கு வைத்தியம் பார்த்த நேரம் போகக் கவிதையும் நாவலும் எழுதினார். வேலையில் ஒட்டாத மனுஷன்.

ஏழு வருஷம் கழித்து, 1888-ல், முதல் நீண்ட விடுப்பு. அந்தக் காலத்தில் இதற்கு 'ஃபர்லோ' என்று பெயர். ஊருக்குப் போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பலாம், உத்தியோகம் காத்திருக்கும். ராஸ் அந்த லீவில் கல்யாணம் செய்துகொண்டார். லண்டனில் பொதுச் சுகாதாரத்தில் ஒரு டிப்ளமா வாங்கினார், நுண்ணுயிரியல் கற்றுக்கொண்டார். திரும்பி வந்தார். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் "லீவு எடுத்து என்ன கிழித்தார்?" என்றுதான் தோன்றும். ஆனால் மைக்ராஸ்கோப் கைவசமானது அந்த லீவில்தான்.

இரண்டாவது நீண்ட விடுப்பு 1894-ல். அதற்கு முன் மலேரியாவைப் பற்றிக் கொஞ்சம் எழுதியிருந்தார். ரத்தத்தில் மலேரியாக் கிருமி இருக்கிறது என்று லாவரான் என்ற பிரெஞ்சு ராணுவ டாக்டர் 1880-ல் அல்ஜீரியாவில் கண்டுபிடித்துச் சொல்லியிருந்தார். ராஸ் அதை நம்பவில்லை. தேடிப் பார்த்தும் அவர் கண்ணில் படவில்லை. 1894 ஏப்ரலில் லண்டனில் பேட்ரிக் மான்சன் என்ற டாக்டரைப் போய்ப் பார்த்தார். மான்சன் கிருமியைக் காட்டியே விட்டார். அந்த நவம்பரில் இருவரும் பேசிக்கொண்டு நடக்கும்போது, இந்தக் கிருமியைக் கொசு சுமக்கிறது என்று தனக்குத் தோன்றுவதாகவும் மான்சன் சொன்னார்.

மான்சனைப் பற்றி எங்கள் கும்பகோணத்துக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். யானைக்கால் நோய்ப் புழு கொசுவுக்குள் வளர்கிறது என்று 1877-ல் கண்டுபிடித்தவர் அவர்தான். கண்டுபிடித்தது லண்டனில் இல்லை, சீனத்து அமோய் துறைமுகத்தில், சுங்க இலாகா டாக்டராக இருந்தபோது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் புழுவைப் பற்றி அவருக்கு முதலில் தெரியவந்ததும் ஒரு லீவில்தான். 1875-ல் ஊருக்கு வந்திருந்தபோது, கல்கத்தாவில் லூயிஸ் என்ற டாக்டர் ரத்தத்தில் புழுவைப் பார்த்தது பற்றி லண்டன் நூலகத்தில் படித்தார். சீனாவுக்குத் திரும்பியதும் தேட ஆரம்பித்தார்.

இருவரும் லீவில் போனபோது கையில் பெரிய திட்டம் எதுவும் இல்லை. திரும்பும்போது ஒரு கேள்வி இருந்தது. எனக்கு முதலில் பட்டது இதுதான்.

1895 மார்ச் 28 அன்று ராஸ் லண்டனில் கப்பல் ஏறினார். ஏப்ரல் 20 பம்பாய். நாலு நாளில் செகந்திராபாத் வந்து மதராஸ் 19-ஆம் காலாட்படையின் டாக்டராகப் பொறுப்பேற்றார். (செகந்திராபாத்தில் தமிழர்கள் இவ்வளவு பேர் இருப்பதற்கு ஒரு காரணம் இந்த மதராஸ் பட்டாளம். அது தனிப் பதிவுக்கான விஷயம்.)

அடுத்த நாலு வருஷம் நடந்ததை இன்றைய பாஷையில் சொன்னால் ரிமோட் வேலை. ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிறவர் லண்டனில், வேலை செய்கிறவர் நிஜாம் ராஜ்யத்தில். இருவருக்கும் நடுவில் மூன்று வாரக் கப்பல் தபால். ராஸ் எழுதியவை மட்டும் நூறுக்கு மேல். இன்று இதைப் பார்த்தேன், இது சரிதானா, அடுத்து எதைப் பார்க்கட்டும் என்று கேட்டு எழுதுவார். பதில் வரும்போது அவர் வேறு பத்து கொசுக்களை அறுத்து முடித்திருப்பார்.

வழிகாட்டி சொன்னதெல்லாம் சரியாகவும் இல்லை. கொசு தண்ணீரில் செத்து, அந்தத் தண்ணீரைக் குடிப்பதால் காய்ச்சல் வருகிறது என்பது மான்சனின் ஊகம். அதை நம்பி, 1895-ல் லட்சுமணன் என்ற ஆளுக்குக் கொசு செத்த தண்ணீரைக் கொடுத்துப் பார்த்தார் ராஸ். காய்ச்சல் வந்ததும் சந்தோஷப்பட்டார். பிறகு அது அந்தத் தண்ணீரால் வந்ததில்லை என்று புரிந்தது. உசேன் கான் என்ற மலேரியா நோயாளிக்கு ஒரு கொசுக்கடிக்கு ஓரணா கூலி. பத்துக் கொசு கடித்தால் பத்தணா. பதினாறு அணா ஒரு ரூபாய் என்பதை இளையவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். ராஸின் லீவு பலித்ததில் இந்த இரண்டு பேருக்கும் பங்கு உண்டு. அவர்களுக்கு ஃபர்லோவும் இல்லை, காத்திருக்கும் நாற்காலியும் இல்லை.

ராஸ் சோதித்த கொசுக்களும் தப்பான ஜாதி. சாம்பல் நிறக் கொசு, வரிக் கொசு என்று நூற்றுக்கணக்கில் அறுத்தார். மலேரியாவைச் சுமப்பது இறக்கையில் புள்ளி உள்ள அனாஃபிலிஸ் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. நடுவில், 1895 செப்டம்பரில், காலராவைக் கவனிக்க பெங்களூருக்கு மாற்றல். ஆராய்ச்சி நின்றது.

1897-ல் இரண்டு மாத லீவு எடுத்து ஊட்டிக்குப் போனார். ஓய்வுக்காக இல்லை. மலேரியாவுக்குப் பேர்போன சிகூர் மலைச்சரிவில் கொசு தேடப் போனார். போன சில நாளில் அவருக்கே மலேரியா வந்தது. கொய்னா சாப்பிட்டுத் தேறி, ஜூனில் செகந்திராபாத் திரும்பினார்.

அந்தக் கோடை எப்படி இருந்திருக்கும் என்று ஹைதராபாத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பங்கா இழுக்கச் சொன்னால் அறுத்து வைத்த கொசு பறந்துவிடும் என்று காற்றில்லாமல் உட்கார்ந்தார். நெற்றி வியர்வை பட்டு மைக்ராஸ்கோப் திருகாணிகள் துருப்பிடித்தன. ஆகஸ்டு 16-ஆம் தேதி பழுப்புநிறப் புள்ளி இறக்கைக் கொசுக்கள் உசேன் கானைக் கடித்தன. 20-ஆம் தேதி அதில் ஒன்றின் வயிற்றுச் சுவரில், மலேரியாவுக்கே உரிய கருநிறத் துகள்களோடு, புதிய செல்களைப் பார்த்தார். மறுநாள் இன்னொரு கொசுவிலும் அதே. டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரை வந்தது.

இனி எல்லாம் சுகமே என்று நினைப்பீர்கள். இல்லை. அடுத்த மாதமே மாற்றல் உத்தரவு! ராஜபுதனத்தில் கெர்வாரா என்ற இடம். அங்கே மலேரியா அபூர்வம். தூரத்திலிருந்த தலைமைக்கு ராஸ் ஒரு பட்டாள டாக்டர், அவ்வளவுதான். அவர் மேஜையில் என்ன கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

காப்பாற்றியது மான்சன். லண்டனில் பார்க்க வேண்டியவர்களைப் பார்த்து, எழுத வேண்டியவர்களுக்கு எழுதி, 1898 தொடக்கத்தில் ராஸைத் தனிப் பணியில் கல்கத்தாவுக்கு மாற்ற வைத்தார். அங்கே மனித மலேரியா நோயாளிகள் சரியாகக் கிடைக்காததால் ராஸ் பறவை மலேரியாவைப் பிடித்துக்கொண்டார். ஜூலையில், கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து கடி வழியாகப் பரவுகிறது என்று பார்த்துவிட்டார். லண்டனுக்குத் தந்தி. அந்த மாதமே எடின்பரோவில் நடந்த பிரிட்டிஷ் மருத்துவச் சங்கக் கூட்டத்தில் மான்சன் செய்தியை அறிவித்தார். மனித மலேரியாவில் அனாஃபிலிஸின் பங்கை அதே வருஷம் கிராஸி முதலிய இத்தாலியர்கள் நிரூபித்தார்கள். யாருக்குப் பெருமை என்று பெரிய சண்டை. 1902-ல் நோபல் பரிசு ராஸுக்கு வந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு அக்கா பையனுக்கு நீளமாக ஒரு மெயில் எழுதினேன். பணக் கணக்கு ஒரு பக்கம், மற்றது இரண்டு பக்கம். சாராம்சம் இதுதான்:

ஊர் மலிவு என்பதற்காக மட்டும் வராதே. மலிவு என்பது டாலர் விலை, வாடகை, கம்பெனியின் மனசு மூன்றையும் பொறுத்தது. மூன்றும் உன் கையில் இல்லை. நாற்காலி காத்திருக்குமா என்பதை எழுத்தில் வாங்கு. ராஸின் லீவு பலித்ததற்கு முதல் காரணம் அவர் திறமை இல்லை, வேலை போகாது என்ற விதி. தூரத்திலிருந்து வேலை பார்ப்பதானால், உன் மேஜையில் என்ன கிடக்கிறது என்று தெரிந்த ஒரு மான்சனை அந்த ஆபீசில் வைத்துக்கொள். இல்லையென்றால் ஒரு நாள் உன்னைக் கெர்வாராவுக்கு மாற்றிவிடுவார்கள். கெட்ட எண்ணத்தால் இல்லை, தெரியாததால். முதல் லீவில் ஒன்றும் நடக்காவிட்டால் மனம் விடாதே. அப்புறம், உன் ஓய்வுக்காக இங்கே வேலை செய்யப்போகிறவர்களை, சமையல்கார அம்மாவிலிருந்து வாட்ச்மேன் வரை, கடிக்கு ஓரணாக் கணக்கில் பார்க்காதே.

ஒரே வரியில் பதில் வந்தது. "மாமா, நீங்க ஏன் லீவே எடுக்கலை?"

அப்பா கும்பகோணத்தில் படுத்த படுக்கையாக இருந்த வருஷம் மூன்று மாதம் லீவு எடுத்துப் பக்கத்தில் இருக்க நினைத்தேன். விதி இருந்தது, கணக்கில் லீவும் இருந்தது. பிரமோஷன் இன்டர்வியூ வரும் சமயம் என்று கேட்கவே இல்லை. வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, நானே சொல்லிக்கொண்டேன். வெள்ளி ராத்திரி ரயிலேறி, ஞாயிறு ராத்திரி திரும்பி, அப்படியே ஏழெட்டு மாதம் ஓட்டினேன். கடைசி இரண்டு நாள்தான் கூட இருக்க முடிந்தது. அந்த லீவெல்லாம் இன்னும் கணக்கில் பத்திரமாக இருக்கிறது. ரிடையர் ஆகும்போது காசாகக் கொடுப்பார்கள்.

இதை அவனுக்கு எழுதவில்லை. அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "வரட்டும். உன் வீட்டுக்குப் பக்கத்துலயே ஃபிளாட் பாரு" என்றாள்.

பி.கு.: பார்த்துக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்காரர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, ஜன்னலுக்குக் கொசுவலை அடித்திருக்கிறதா என்பது.