ஒரு வரிக்கு உரை

மூலம்: எம்ஜிஆர்பி முன்துண்டு – ஐஎஸ்இசிபி1 – ஓஎக்ஸ்ஏ181 – எம்ஜிஆர்பி பின்துண்டு

ஷார்ஜாவின் தொழிற்பேட்டையான சனையாவில் ஆறு பேர் தங்கும் அறை. மேல்கட்டிலில் படுத்தபடி இந்த வரியைத் தாளில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழ்க்கட்டில் தம்பி ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். எட்டிப் பார்த்து, "பார்ட் நம்பராண்ணே?" என்றான். ஏறக்குறைய அதுதான். அமீரகத்தில் ஒரு நோயாளியிடம் எடுத்த கிளெப்சியெல்லா நிமோனியே கிருமியின் முழு மரபணுத்தொகுதி 2015-இல் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் வந்தது. அப்போது விற்பனையில் இருந்த எந்த ஆன்டிபயாடிக்குக்கும் மசியாத கிருமி. அதில் ஓர் இடத்தின் அமைப்பே மேலே உள்ள வரி.

ஓஎக்ஸ்ஏ181: கார்பாபெனம் மருந்துகளைச் சிதைக்கும் நொதியின் மரபணு. நீர்வாழ் ஷெவனெல்லா பாக்டீரியாவிலிருந்து கிளம்பியது. நோயாளிகளின் கிருமிகளில் முதலில் பிடிபட்டது இந்தியாவில்.

ஐஎஸ்இசிபி1: ஓஎக்ஸ்ஏ181-ஐ இழுத்துவந்த தாவும் துண்டு. தன் இடது முனையைச் சரியாகப் பிடிக்கும். வலது முனையில்தான் கவனக்குறைவு. அதைத் தாண்டி எங்கோ வெட்டிவிடுவதால் பக்கத்து மரபணுவும் கூடவே கிளம்பிவிடுகிறது.

எம்ஜிஆர்பி: 47 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட குட்டிப் புரதத்தின் மரபணு. 'ஃபோபி-ஃபோக்யூ' என்ற அமைப்புக்கு இது கடிவாளம். கடிவாளம் அறுந்தால் கிருமி தன் வெளிச்சவ்வின் மின்சுமையை மாற்றிக்கொள்ளும். நேர்மின்சுமை கொண்ட கோலிஸ்டின் ஒட்டாது. கோலிஸ்டின் கடைசிக்கட்ட மருந்துகளில் ஒன்று.

ஆக, ஒரு மருந்துக்கான தடையைச் சுமந்துவந்த துண்டு, உட்கார்ந்த இடத்தால் இன்னொரு மருந்துக்கும் தடை உண்டாக்கிவிட்டது. "எப்படிண்ணே கரெக்டா அங்க போய் உக்காந்துச்சு?" என்றான் தம்பி. நல்ல கேள்வி.

விலாசம் பார்த்துப் போகும் துண்டுகளும் உண்டு. டிஎன்7 என்பது அப்படி: ஜிஎல்எம்எஸ் மரபணுவின் வால்பகுதியைத் தன் புரதம் ஒன்றின் மூலம் படித்தறிந்து, மரபணுவைச் சேதப்படுத்தாமல் சற்றுத் தள்ளி இறங்கும். எவ்வளவு நாகரிகமான விருந்தாளி! ஐஎஸ்இசிபி1 அப்படியில்லை. டிஎன்ஏவில் ஏ, டி எழுத்துகள் செறிந்த பகுதியாக இருந்தால் அதற்குப் போதும். இந்தக் கிருமியின் குரோமோசோமிலேயே அது ஓஎக்ஸ்ஏ181-ஐச் சுமந்து 3 இடங்களில் உட்கார்ந்திருக்கிறது. எம்ஜிஆர்பி அவற்றில் ஒன்றே. கோடிக்கணக்கான செல்களில் எங்கெங்கோ தாவியிருக்கும். கோலிஸ்டின் பட்டபோது பிழைத்தது எம்ஜிஆர்பி உடைந்த செல். 'தேர்ந்தெடுத்தது' என்று எழுதுகிறோமே, அந்த வினைக்கு எழுவாய் பாதி மருந்துதான்.

முன்துண்டு, பின்துண்டு: துண்டு இறங்கும்போது டிஎன்ஏவின் இரு இழைகளும் நேருக்கு நேர் வெட்டப்படுவதில்லை, சற்று விலகியே வெட்டுப்படுகின்றன. இடைவெளியைச் செல் நிரப்பும்போது வழக்கமாக 5 எழுத்துகள் இரட்டிக்கும். அதனால் முன்துண்டு முடியும் அதே 5 எழுத்துகளில்தான் பின்துண்டு தொடங்கும். தாவல் நடந்ததற்கு அதுவே சாட்சி. தம்பி தாளை வாங்கி, இரண்டு பக்கமும் விரல் வைத்துப் பார்த்தான்.