புனிதப்பணியும் பணிநீக்கமும்

ஆசிரியர் தொழிலாளியா என்ற கேள்வியை அகராதிப் பிரச்சினையாக ஒதுக்கிவிட முடியாது. வேலை போன மறுநாள் எந்தக் கதவைத் தட்டுவது என்பதை அதற்கான பதில்தான் தீர்மானிக்கிறது. சுந்தராம்பாள் வழக்கை இந்தக் கோணத்தில் வாசிக்கிறேன்.

கோவாவில் பிரான்சிஸ்கன் கன்னியர் சபை நடத்திய பள்ளியில் அவர் ஆசிரியை. 1975 ஏப்ரலில் பணிநீக்கக் கடிதம் வந்தது. சமரசப் பேச்சு தோற்றது. தகராறைத் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு அனுப்ப அரசு மறுத்தது. காரணம், அவர் தொழிலாளி அல்லவாம். பம்பாய் உயர்நீதிமன்றம் 1983இல் அதை ஏற்றது. 1988 ஜூலையில் உச்சநீதிமன்றமும் ஏற்றது. பதின்மூன்று வருஷம் போச்சு. நீக்கம் நியாயமா என்ற விசாரணையின் வாசலைக்கூட அவர் தாண்டவில்லை.

தீர்ப்பின் தர்க்கம் விசித்திரமானது. 1978இன் பெங்களூர் குடிநீர் வாரியத் தீர்ப்புப்படி பள்ளிக்கூடம் ஒரு தொழில்தான். ஆனால் 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் அடுக்கிய உடலுழைப்பு, தொழில்நுட்பம், எழுத்தர் வேலை, மேற்பார்வை எதிலும் கற்பித்தல் அடங்காது. அது உன்னதப் பணி. குழந்தைகளின் குணத்தை வார்ப்பது. இதே உன்னதத்தைச் சொல்லித்தான் 1963இல் தில்லிப் பல்கலைக்கழக வழக்கில் ஒரு மகளிர் கல்லூரியின் பஸ் டிரைவர்களுக்கும் கதவு சாத்தப்பட்டது. 1978க்குப் பின் டிரைவர் உள்ளே வந்தார். வாத்தியார் வெளியிலேயே நின்றார்.

தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரையே ஊர்ப்பெயராகக் கொண்ட விம்கோ நகரிலிருந்து பார்க்கும்போது இதன் அரசியல் துலங்குகிறது. ஆலைத் தொழிலாளியை நீக்கினால் அது தகராறு; சங்கம் வரும், கேட் மீட்டிங் நடக்கும். அவர் பிள்ளைக்குப் பாடம் சொல்லும் டீச்சரை நீக்கினால் அது அவருடைய தனி விவகாரம். அவர் மனு எழுத வேண்டும். தமிழ்நாட்டின் 1973ஆம் ஆண்டுத் தனியார் பள்ளிகள் சட்டம், நீக்கத்துக்கு உரிய அதிகாரியின் முன் அனுமதி வேண்டும் என்றது. பாதுகாப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அது கோப்புக்குள் நடப்பது. கூட்டு பேரத்துக்கு அங்கே இடமில்லை.

பள்ளியைக் கருத்தியல் அரசு எந்திரம் என்றார் அல்தூசர். அந்த எந்திரத்தை ஓட்டுபவரின் உழைப்பு உழைப்பாகத் தெரியாமல் மறைக்கப்பட வேண்டியிருக்கிறது. 'புனிதம்' என்ற சொல் செய்யும் வேலை அதுதான். குருவுக்கு மரியாதை உண்டு, சம்பளப் பாக்கி கேட்கக் கூடாது!

சட்டம் மாறாதது அல்ல. 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டத்தில் ஆசிரியர் 'ஊழியர்' ஆகமாட்டார் என்று 2004இல் உச்சநீதிமன்றம் கூறியது. 2009இல் நாடாளுமன்றம் வரையறையைத் திருத்தி, 1997 ஏப்ரல் முதல் செல்லும் என்றது. தனியார் பள்ளி நிர்வாகங்கள் எதிர்த்தன, 2022இல் தோற்றன. உன்னதம் குறைந்துவிட்டதாக எவரும் அழவில்லை.

ஆனால் 2020இல் நிறைவேறிய தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம், தொழிலாளி என்ற வரையறையில் பத்திரிகையாளரையும் விற்பனைப் பிரதிநிதியையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. ஆசிரியரைச் சொல்லவில்லை. அவ்விரு பிரிவினரும் தங்களுக்கென 1955இலும் 1976இலும் தனிச் சட்டம் பெற்றிருந்தவர்கள். ஆசிரியர் சங்கங்கள் சம்பள விகிதத்தோடு சேர்த்து இந்தச் சொல்லையும் கேட்டாக வேண்டும். தன்னைத் தொழிலாளி என்று சொல்லிக்கொள்ள வாத்தியார் கூச்சப்படும்வரை, அந்தக் கூச்சத்தின் லாபம் நிர்வாகத்துக்குத்தான்.