ஒரே நாளில் 113 கி.மீ... அரை அயர்ன்மேன் போட்டிக்கு முந்தைய கடைசி வாரத்தில் என்ன நடக்கும்?

கடலில் 1.9 கி.மீ நீச்சல். கரையேறிய கையோடு 90 கி.மீ சைக்கிள். சைக்கிளை மாட்டிவிட்டு 21.1 கி.மீ ஓட்டம். மொத்தம் 113 கி.மீ, மைல் கணக்கில் 70.3. அதனால்தான் இந்தப் போட்டிக்கு 'அயர்ன்மேன் 70.3' என்று பெயர். முழு அயர்ன்மேனில் பாதி தூரம் என்பதால் 'அரை' என்கிறார்கள். பேர்லதான் அரை!

இந்தியாவில் இந்தப் போட்டி 2019-ல் கோவா தலைநகர் பனாஜியில், மிராமர் கடற்கரையில் முதல்முறையாக நடந்தது. கொரோனாவால் தடைப்பட்டு 2022-ல் மீண்டும் தொடங்கியது. 2024-ல் பெங்களூரு தெற்கு எம்.பி. தேஜஸ்வி சூர்யாவும், 2025-ல் தமிழக பா.ஜ.க. முன்னாள் தலைவர் அண்ணாமலையும் இதை முடித்த செய்தி வந்த பிறகு, தமிழ்நாட்டிலும் பலர் "அது என்ன போட்டி?" என்று தேட ஆரம்பித்தார்கள்.

பல மாதப் பயிற்சியைப் பற்றி நிறைய பேர் பேசுகிறார்கள். ஆனால் போட்டிக்கு முந்தைய ஏழெட்டு நாள்தான் பலருக்குச் சறுக்கும் இடம். அந்த நாட்களில் உடம்பை இன்னும் வலுவாக்க முடியாது. சேர்த்ததைக் கெடுத்துக்கொள்ள மட்டும் நன்றாகவே முடியும்.

"ஒரு வாரம் சும்மா இருந்தா எல்லாம் போயிடுமே?"

முதல்முறை போகும் எல்லோருக்கும் வரும் பயம் இது. பதில்: போகாது. கடினமான பயிற்சியின் பலன் உடம்பில் சேர பத்து நாள், இரண்டு வாரம் ஆகும். அதனால் போட்டிக்கு நாலு நாள் முன்னால் 80 கி.மீ சைக்கிள் ஓட்டினால் பலன் எதுவும் வராது, களைப்பு மட்டும் மிஞ்சும்.

பயிற்சியைப் படிப்படியாகக் குறைப்பதை 'டேப்பர்' என்பார்கள். இதைப் பற்றிய 27 ஆய்வுகளை ஒன்றாக வைத்து அலசிய ஓர் ஆய்வு 2007-ல் வெளியானது. அது சொன்ன கணக்கு: இரண்டு வாரம், பயிற்சி அளவில் 41 முதல் 60 சதவீதம் வரை குறைப்பு, வேகத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது. அதாவது வாரம் 10 மணி நேரம் பயிற்சி செய்தவர் 4 முதல் 6 மணி நேரமாகக் குறைக்கலாம். ஆனால் அதற்குள் போட்டி வேகத்தில் சில நிமிட ஓட்டமும் சைக்கிளும் இருக்கணும். முழுக்கப் படுத்துக்கொண்டால் கால் மரத்துப்போன மாதிரி ஆகிவிடும்.

இந்த வாரத்தில் எடை ஒரு கிலோ கூடலாம். அதைப் பார்த்துப் பதறி சாப்பாட்டைக் குறைக்கிறவர்கள் உண்டு. செய்யவே கூடாத வேலை அது. தசையில் கிளைக்கோஜன் சேரும்போது ஒரு கிராமுக்கு சுமார் மூன்று கிராம் தண்ணீரும் கூடவே சேரும். எடைமெஷினில் தெரிவது கொழுப்பு அல்ல, போட்டி நாளுக்கான எரிபொருள்.

சைக்கிள் பெட்டிக்குள் போகும் முன்

சென்னை, கோவையில் இருந்து போகிறவர்கள் சைக்கிளைப் பிரித்துப் பெட்டியில் அடைத்து விமானத்திலோ ரயிலிலோ கொண்டுபோவார்கள். அதிகம் அடிவாங்குவது பின்பக்க கியர் மாற்றும் 'டிரெய்லர்' மாட்டியிருக்கும் சின்ன அலுமினியத் துண்டு. பார்க்க நேராகத்தான் இருக்கும். லேசாக வளைந்திருந்தாலும் ஏற்றத்தில் கியர் குதிக்கும், மோசமானால் சக்கரக் கம்பிக்குள்ளேயே மாட்டும். டிரெய்லரைக் கழற்றித் துணியில் சுற்றி வைப்பதும், உபரியாக ஒரு துண்டு வாங்கி வைப்பதும் சில நூறு ரூபாய் செலவில் பெரிய தலைவலியைத் தவிர்க்கும்.

போய்ச் சேர்ந்ததும் சைக்கிளைப் பூட்டி, எல்லா கியரையும் மாற்றிப் பார்த்து, அரை மணி நேரமாவது ரோட்டில் ஓட்டணும். டயரில் வெட்டு இருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்பதை முந்தின நாள் சாயங்காலம் பார்ப்பது தாமதம். கடையில் அன்றைக்குத்தான் கூட்டம் அலைமோதும். பஞ்சர் ஆனால் காற்றடிக்கும் சின்ன CO2 குப்பிகளை விமானத்தில் கொண்டுபோக கட்டுப்பாடு இருக்கிறது. விமான நிறுவனத்திடம் கேட்டுக்கொள்வது அல்லது போன இடத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

கடல்: இங்கதான் கவனம் வேணும்

மூன்றில் சிறிய பகுதி நீச்சல்தான். தூரத்தில் இரண்டு சதவீதம்கூட இல்லை. ஆனால் ஆபத்து குவிந்திருப்பது அங்கே.

அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை நடந்த டிரையத்லான் போட்டிகளை ஆராய்ந்த மருத்துவ ஆய்வு ஒன்று 2017-ல் வெளியானது. போட்டியின்போது இறந்தவர்கள், இதயத்துடிப்பு நின்று மீட்கப்பட்டவர்கள் என மொத்தம் 135 பேர். அவர்களில் 90 பேருக்கு அது நேர்ந்தது நீச்சலின்போது. 85 சதவீதம் பேர் ஆண்கள்; சராசரி வயது 46-47. பிரேதப் பரிசோதனை விவரம் கிடைத்த 61 பேரில் 27 பேருக்கு இதயத்திலோ ரத்தக் குழாயிலோ ஏற்கெனவே கோளாறு இருந்திருக்கிறது. லட்சம் பேருக்கு 1.74 என்பதுதான் விகிதம்; பீதியடைய வேண்டிய எண் இல்லை. ஆனால் 40 வயதைத் தாண்டிய ஆண்கள் இதயப் பரிசோதனை செய்யாமல் போவதற்கு இந்த எண் சாக்கும் இல்லை. அந்தப் பரிசோதனையைக் கடைசி வாரத்துக்கு வைக்காமல் இரண்டு மூன்று மாதம் முன்பே முடித்துவிடணும். படி ஏறும்போது நெஞ்சு இறுக்கம், காரணமில்லாத மயக்கம் இருந்தால் பயிற்சியாளரிடம் கேட்பதைவிட டாக்டரிடம் போவதுதான் சரி.

நீச்சல் குளத்தில் 2 கி.மீ அசால்ட்டாக அடிக்கிறவர்கூட கடலில் முதல் 200 மீட்டரில் திணறுவதுண்டு. குளத்தில் அடியில் கறுப்புக் கோடு இருக்கும், 25 மீட்டருக்கு ஒருமுறை சுவர் வரும். கடலில் இரண்டும் இல்லை. பக்கத்தில் நூறு பேர் கை கால் அடிக்கிறார்கள், அலை முகத்தில் அறைகிறது, மூச்சு எடுக்கும் நேரத்தில் உப்புத் தண்ணீர் உள்ளே போகிறது. இதயம் எகிற, பயம் வர, மூச்சு இன்னும் குறைகிறது.

இதற்கு இரண்டு விஷயம் தெரிந்திருக்கணும். ஒன்று, மல்லாந்து மிதப்பது. முப்பது வினாடி வானத்தைப் பார்த்து மூச்சை நீளமாக விட்டாலே பலருக்கு சரியாகிவிடும். இன்னொன்று, பலருக்குத் தெரியாத விதி: காவலுக்கு நிற்கும் கயாக் படகைப் பிடித்து ஓய்வெடுப்பது தவறில்லை. அதைப் பிடித்தபடி முன்னால் நகரக் கூடாது, அவ்வளவுதான். கையைத் தூக்கினால் படகு வரும். போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று பயந்து கையைத் தூக்காமல் இருப்பதுதான் ஆபத்து.

போட்டி நடத்துபவர்கள் அனுமதிக்கும் பயிற்சி நீச்சல் நேரத்தில் ஒருமுறையாவது கடலில் இறங்கிப் பார்ப்பது கட்டாயம் மாதிரி. மாண்டோவி ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் இருக்கிறது மிராமர். நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது உடம்புக்குப் புரியணும். மேற்குக் கடற்கரை என்பதால் திரும்பி வரும்போது எதிரே காலை வெயில் கண்ணைக் கூசும். கறுப்புக் கண்ணாடி போட்ட காகிள்ஸ் வாங்கினவர்கள் தப்பித்தார்கள். ஜெல்லிமீன் தொல்லையும் கோவா கடலில் புதுசில்லை.

உடம்பைச் சூடாக்கும் 'வெட்சூட்' தேவைப்படாது. தண்ணீர் 24.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதைப் போடுகிறவர்கள் பரிசுக்குத் தகுதியிழப்பார்கள், 28.8-ஐத் தாண்டினால் போடவே அனுமதி இல்லை.

கடிகாரம் சொல்லும் கணக்கு

நீச்சலுக்கு 1 மணி 10 நிமிடம். சைக்கிளை முடிக்க தொடக்கத்திலிருந்து 5 மணி 30 நிமிடம். மொத்தப் போட்டிக்கு 8 மணி 30 நிமிடம். இதுதான் வழக்கமான கால வரம்பு. நீச்சலில் 100 மீட்டருக்கு 3 நிமிடம் 41 வினாடிக்கு மேல் எடுத்தால் முதல் வரம்பிலேயே அவுட். நீச்சலும் உடை மாற்றமும் சேர்த்து 1 மணி 10 நிமிடத்தில் முடித்தவருக்கு சைக்கிளில் சராசரி 21 கி.மீ வேகம் தேவை. ஓட்டத்துக்கு 3 மணி நேரம் மிச்சமிருந்தால் கி.மீ-க்கு எட்டரை நிமிடம். வேகமாக நடப்பதும் கொஞ்சம் ஓடுவதுமாக முடித்துவிடலாம். கால் வலுவாக இருக்கும்வரை!

அதனால் சைக்கிளில் முதல் ஒரு மணி நேரம் வேகம் காட்டுவதுதான் ஓட்டத்தில் நடக்க வைக்கும் தவறு. இன்னொருவர் பின்னால் ஒட்டிப் போவதற்கும் அனுமதி இல்லை. 12 மீட்டர் இடைவெளி வேணும், முந்துவதென்றால் 25 வினாடிக்குள் முந்திவிடணும். மீறினால் பெனால்டி கூடாரத்தில் நின்று நேரத்தை இழக்கணும்.

இட்லி, வாழைப்பழம், ஜெல்: எவ்வளவு?

நீண்ட நேரப் போட்டிக்கு முந்தைய 36 முதல் 48 மணி நேரத்தில், உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 12 கிராம் மாவுச்சத்து என்பது விளையாட்டு ஊட்டச்சத்து நிபுணர்களின் பரிந்துரை. 70 கிலோ எடையுள்ளவருக்கு 700 கிராம். சோறாக மட்டுமே சாப்பிட்டால் சுமார் 900 கிராம் அரிசி வடிக்கணும். யாரால முடியும்? அதனால்தான் ஜூஸ், ரொட்டி-ஜாம், வாழைப்பழம், சர்க்கரை போட்ட பானம் எனப் பிரித்து எடுக்கிறார்கள். அந்த இரண்டு நாள் கீரை, சுண்டல், பயறு வகைகளைக் குறைப்பது நல்லது. சத்தான சாப்பாடுதான், ஆனால் நார்ச்சத்து வயிற்றில் தங்கினால் ஓட்டத்தில் கழிப்பறை தேட வைக்கும். கோவா வந்துவிட்டு மீன் குழம்பும் ஃபெனியும் இல்லாமலா என்றால், போட்டி முடிந்த ராத்திரி இருக்கிறதே!

போட்டி காலை ஆறரைக்குத் தொடங்குகிறது என்று வைத்துக்கொண்டால் மூன்றரை, நாலு மணிக்கே சாப்பாடு. நாலைந்து இட்லி சர்க்கரை தொட்டு, ஒரு வாழைப்பழம், ஒரு காபி. பயிற்சி நாட்களில் எது ஒத்துக்கொண்டதோ அதுவே. போட்டியின்போது மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து தேவை. ஒரு ஜெல் பாக்கெட்டில் சுமார் 25 கிராம்தான் இருக்கும். எக்ஸ்போ கடையில் தள்ளுபடியில் கிடைத்த புது ஜெல்லை அன்றைக்கு முதல்முறை பிரிப்பது வயிற்றோடு விளையாடுவது.

ஓ.ஆர்.எஸ் பற்றி ஒரு வார்த்தை. ஒரு லிட்டருக்கான பாக்கெட்டில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். உப்புக்கு அது நல்லது, சக்திக்குப் போதாது. இரண்டையும் தனித்தனியாகக் கணக்குப் போடணும்.

தண்ணி அதிகமா குடிச்சாலும் ஆபத்தா?

ஆமாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. முக்கியக் காரணம், வியர்த்ததைவிட அதிகம் குடித்து ஓட்டத்தின் நடுவிலேயே எடை கூடியது. முற்றினால் குழப்பம், வலிப்பு, மூளை வீக்கம் வரை போகலாம். மெதுவாகப் போய் ஒவ்வொரு ஸ்டாலிலும் நின்று குடிக்கிறவர்களுக்கே இந்த ஆபத்து அதிகம்.

தனக்கு எவ்வளவு தேவை என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். ஒரு மணி நேரம் ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்க்கணும். நடுவில் எதுவும் குடிக்காமல் ஒரு கிலோ குறைந்தால், ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. அதுதான் உச்சவரம்பு. சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் பார்த்த கணக்கு கோவாவுக்குப் பொருந்தும். ஊட்டியில் பார்த்தது பொருந்தாது.

இன்னொன்று, முழங்கால் வலிக்குமே என்று காலையிலேயே ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரை போடும் பழக்கம். வெயிலும் வியர்வையுமாக இருக்கும் உடம்பில் அது சிறுநீரகத்தைப் பாதிக்கும், சோடியம் குறைவதற்கும் வழி செய்யும்.

முந்தின நாள்

சைக்கிளை அன்றே போட்டித் திடலில் ஒப்படைத்துவிடணும். நீச்சலிலிருந்து சைக்கிளுக்கு, சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கு மாறும் இடத்தை 'டிரான்ஸிஷன்' என்பார்கள். நூற்றுக்கணக்கான சைக்கிளுக்கு நடுவே தன்னுடையது எந்த வரிசையில் என்பதை நடந்து பார்த்து மனதில் வைத்துக்கொள்ளணும். நீரிலிருந்து தலைசுற்றலோடு வரும்போது எல்லாம் ஒன்று போலத்தான் தெரியும். ஹெல்மெட் கொக்கியை மாட்டிய பிறகே சைக்கிளைத் தொடலாம். இயர்போன் கூடாது. நேரம் அளக்கும் சிப்பைக் கணுக்காலில் கட்ட மறந்து கடற்கரைக்கு வந்தால் காலையிலேயே டென்ஷன்தான்.

ராத்திரி தூக்கம் வராது. அதைப் பற்றிக் கவலைப்படவும் வேண்டாம். முக்கியமான தூக்கம் அதற்கு முந்தைய இரண்டு மூன்று இரவுகளில் தூங்குவது.

காய்ச்சல் வந்துட்டா?

யாரும் கேட்க விரும்பாத கேள்வி. மூக்கு மட்டும் ஒழுகுகிறது என்றால் லேசாகப் பார்த்துப் போகலாம். காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சுச் சளி, வயிற்றுப்போக்கு என்றால் போட்டியில் இறங்கக் கூடாது. வைரஸ் தொற்றோடு மணிக்கணக்கில் உழைத்தால் இதயத் தசையில் அழற்சி வரும் ஆபத்து இருக்கிறது. அதுதான் வேகமாகத் துடித்தபடியே திடீரென நின்றுபோகக் காரணமாகும். பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சலை மறைத்து இறங்குவது இன்னும் மோசம். மாத்திரை சூட்டைத்தான் குறைக்கும், தொற்றை அல்ல.

கட்டிய பணம், எடுத்த லீவு, வழியனுப்ப வந்த குடும்பம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எல்லாம் சேர்ந்து "போய்த்தான் பாரேன்" என்று தள்ளும். அதனால் அனுபவசாலிகள் சிலர் இந்த முடிவைத் தங்களிடம் விடுவதில்லை. காலையில் வெப்பமானி 100 டிகிரி காட்டினால் போகக் கூடாது என்று மனைவியிடமோ கணவரிடமோ முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுகிறார்கள். அப்படி நின்றுவிட்டவரின் பெயருக்கு எதிரே முடிவுப் பட்டியலில் 'டி.என்.எஸ்' என்று வரும், அதாவது தொடங்கவில்லை. அடுத்த வருடம் பதிவு செய்ய அது எந்தத் தடையும் இல்லை.