குளத்து மீன் முட்டை போட்ட கதை

வருசா வருசம் ஜூலை 10 வந்தா மீன் வளர்ப்போர் தினம்னு சொல்லி பேனர் கட்டி, டீ பிஸ்கட் கொடுத்து கூட்டம் நடத்துவாங்க. ஏன் அந்தத் தேதின்னு மேடையில யாரும் விளக்கிச் சொல்லி நான் கேட்டதில்லை. நானா படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதை இங்க எழுதி வைக்கிறேன்.

ரோகு, மிர்கால், கட்லா மூணும் ஆத்து மீன். குளத்துல நல்லா தின்னும், வளரும், சினையும் பிடிக்கும். ஆனா தேங்கின தண்ணியில முட்டை போடாது. மழை பெஞ்சு புது வெள்ளம் கரைபுரண்டு ஓடணும். அப்பத்தான் மூளைக்கு அடியில இருக்கிற சின்ன சுரப்பி வேலை செஞ்சு, முட்டையை வெளியே விடச் சொல்லும். வெள்ளம் வரலைன்னா வயித்துல இருக்கிற சினை அப்படியே கரைஞ்சு உடம்போட போயிடும்.

அதனால அந்தக் காலத்துல மீன் வளர்க்கிறவன் குஞ்சுக்கு ஆத்தைத்தான் நம்பணும். வங்காளத்துல வெள்ள நேரத்துல கங்கை ஓரம் நைஸ் வலை கட்டி நுண்குஞ்சு பிடிப்பாங்க. அதை மண்பானையில ஊத்தி ரயில்ல ஏத்துவாங்க. காத்து கலக்கணும்னு கூடவே ஆள் உட்கார்ந்து பானையை ஆட்டிக்கிட்டே போவாராம். போய்ச் சேர்றதுக்குள்ள எத்தனை சாகும்னு கணக்கில்லை. பொழைச்சதுலயும் எது ரோகு, எது குஞ்சைத் தின்னுற மீன்னு கண்ணால பிரிக்க முடியாது. நெல்லுன்னு நம்பி களை விதையை வாங்கி விதைச்ச மாதிரிதான். அந்த வருசம் ஆத்துல வெள்ளம் வரலைன்னா அதுவும் கிடையாது.

இதை மாத்தினவர் ஹீராலால் சௌத்ரி. 1921-ல பிறந்தவர், மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையத்துல வேலை பார்த்தவர். வெள்ளம் செய்யிற வேலையை அந்த சுரப்பியையே வெச்சு செஞ்சா என்னன்னு கேட்டார். பிரேசில்ல 1930-கள்லயே இந்த மாதிரி செஞ்சிருந்தாங்க. நம்ம கெண்டை இனங்கள்ல முயற்சி பண்ணினவங்களுக்கு உருப்படியா எதுவும் கிடைக்கலை. சௌத்ரி முதல்ல சின்ன மீன்கள்ல பார்த்துட்டு, அப்புறம் பெரிசுக்கு வந்தார். ஒடிசாவில 1957 ஜூலை 10 அன்னைக்கு ஊசி போட்ட மீன் முட்டை விட்டுச்சு. ரோகு, மிர்கால் உள்பட சில கெண்டைகள்ல வெற்றின்னு அவரும் அலிகுஞ்ஞியும் சேர்ந்து அதே வருசம் கட்டுரை எழுதினாங்க. அந்தத் தேதிக்குக் காரணம் இதுதான்.

செய்முறையைக் கேட்டா நம்ம கையாலயே செஞ்சிடலாம் போல இருக்கும். சந்தையில வெட்டுற மீன் தலையைப் பிளந்து, கேழ்வரகு அளவு இருக்கிற சுரப்பியை எடுத்து ஆல்கஹால்ல போட்டு வெச்சுக்கணும். வேணுங்கிறப்ப அரைச்சு, சுத்தமான தண்ணியில கரைச்சு, தெளிவை வால் பக்கத்து சதையில ஊசியா போடணும். தாய் மீனுக்கு ரெண்டு தவணை, நடுவுல ஆறு மணி நேரம். ஆணுக்கு ஒரு தவணை போதும். ஆணை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது? மார்புத் துடுப்பைத் தடவிப் பாருங்க, சொரசொரன்னு இருக்கும். சாயங்காலம் துணித் தொட்டிலுக்குள்ள விட்டா விடியறதுக்குள்ள முட்டை. முட்டை பொரிய பதினஞ்சு மணி நேரத்துக்கு முன்னப் பின்ன ஆகும்.

இது வந்த பிறகுதான் மேட்டூர், பவானிசாகர், ஆழியாறுன்னு நம்ம அரசுப் பண்ணைகள்ல இருந்து குஞ்சு வாங்குற நிலைமை வந்துச்சு. ஏக்கருக்கு 2,000 விரலி. மேல் தண்ணிக்குக் கட்லா, நடுவுல ரோகு, அடியில மிர்கால்னு எங்களுக்கு சொல்லிக் கொடுக்க முடிஞ்சது. குஞ்சே கிடைக்காத காலத்துல இந்தக் கணக்கை யாருக்குச் சொல்றது?

பசுமைப் புரட்சி பேரைப் பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும், சௌத்ரி பேரை மீன் விக்கிறவருக்கே தெரியாது. எனக்கு இது வருத்தம்தான்.

இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. விரலி விடறதுக்கு முன்னாடி ஏக்கருக்கு 1,000 கிலோ இலுப்பைப் புண்ணாக்கு போட்டு குளத்துல இருக்கிற மீனைக் கொல்லச் சொல்றாங்க. விரால் இருந்தா விரலியைத் தின்னுடும், அதனால அது அவசியம்தான். ஆனா கூடவே குறவை, உளுவை, கெளுத்தி எல்லாம் போச்சு. அம்மா குழம்பு வெச்ச மீன் பாதிக்கு மேல இப்ப என் பேரனுக்குப் பேரே தெரியாது.

ஊசி சுலபமானதுல இன்னொரு கோளாறும் வந்துச்சு. ஒரே குடும்பத்து மீனையே திரும்பத் திரும்ப ஜோடி சேர்க்கிறாங்க. ஒரே தொட்டியில கட்லாவும் ரோகுவும் கலந்துடுது. வளர்ச்சி மட்டம். நெல்லுக்கு வெள்ளைச் சீட்டு, நீலச் சீட்டுன்னு பார்த்து வாங்குறோம், மீன் குஞ்சுக்கு மட்டும் பாலித்தீன் பையை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்துட்டுக் காசைக் கொடுக்கிறோம்.

இந்த வருசம் குஞ்சு கொண்டுவந்த தம்பிகிட்ட, “தாய் மீனு எங்க எடுத்தது, எத்தனை வயசு?”ன்னு கேட்டேன். “இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லைண்ணே”ன்னு சிரிச்சார். அடுத்த லோடுக்கு விசாரிச்சுட்டு வர்றேன்னு சொல்லியிருக்கார். வந்ததும் எழுதுறேன்.