மறைவு உருட்டல்

மறைவு உருட்டல் என்பது பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளில், ஆட்ட நடத்துநர் பிறர் காணாதவாறு தட்டியின் பின்னால் பகடை உருட்டும் முறையாகும். 1974இல் கேரி கைகாக்சு, டேவ் ஆர்னெசன் ஆகியோரின் ஆக்கமாக வெளிவந்த டஞ்சன்சு அண்டு டிராகன்சு இவ்வகை ஆட்டங்களுள் புகழ்பெற்றது.

சபிக்கப்பட்ட மாயப்பொருள்களைக் கையாள இம்முறை உதவுகிறது. தமது பகடையில் சிறிய எண் விழக் கண்ட ஆட்டக்காரர், "தீங்கேதும் தென்படவில்லை" என்ற விடையை நம்பமாட்டார். எண் தெரியாவிடில் வாளைத் துணிந்து எடுப்பார். 2014இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின்படி, பொருளை இனங்காணும் மந்திரமும் பெரும்பாலான சாபங்களை வெளிப்படுத்தாது. ஆனால், விழுந்த எண்ணை நடத்துநர் மாற்றிக் கூறினாலும் எவரும் அறியார். இதனால் சிலர் எல்லா உருட்டல்களையும் வெளிப்படையாகவே வைத்துக்கொள்கின்றனர்.

ராசிபுரம் உட்படத் தமிழக ஊர்களில் ஆடப்படும் தாயம் இதற்கு நேர்மாறானது. பித்தளைத் தாயக்கட்டைகள் இரண்டும் அனைவர் கண்முன்னும் உருளும். தாயம் (1) விழுந்தால்தான் காய் இறங்கும்.

சபிக்கப்பட்ட பகடைக்குப் பழைய சான்று நளன் கதை. மகாபாரதத்தின் வன பருவத்தில், துவாபரனைக் கவற்றினுள் புகச் சொல்லி, நளனைத் தான் பற்றிக்கொள்கிறான் கலி. காரணம் அறியாமலே நளன் நாட்டை இழக்கிறான். இருதுபன்னனிடம் கவற்றின் மறையைக் கற்றபோதுதான் கலி அவனை விட்டு நீங்குகிறான். இக்கதையைப் புகழேந்திப் புலவர் நளவெண்பாவாகப் பாடியுள்ளார்.