கைகட்டி நின்றவரும் கையெழுத்திட்டவரும்: இந்தோனேசியாவில் உலகமயமாக்கல்

1998 ஜனவரி 15 அன்று ஜகார்த்தாவில் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம் உலகப் பத்திரிகைகள் அனைத்திலும் வெளியானது. இந்தோனேசிய அதிபர் சுஹார்த்தோ மேசை மீது குனிந்து கையெழுத்திடுகிறார். சர்வதேச நாணய நிதியத்தின் தலைவர் மிஷெல் காம்டெஸ்ஸு கைகளைக் கட்டிக்கொண்டு அருகில் நின்று பார்க்கிறார். உலகில் முஸ்லிம்கள் அதிகம் வாழும் நாட்டின் பொருளாதார முடிவுகள் இனி எங்கே எடுக்கப்படும் என்பதை அந்தப் படம் சொல்லிவிட்டது.

அதற்குச் சில மாதங்கள் முன்புவரை இந்தோனேசியா, உலக வங்கி மற்ற நாடுகளுக்கு எடுத்துக்காட்டாகச் சொன்ன நாடு. ஆண்டுக்குச் சுமார் 7 சதவீத வளர்ச்சி. 1970இல் மக்களில் ஏறத்தாழ 60 சதவீதமாக இருந்த ஏழைகளின் பங்கு 1996இல் 11 சதவீதமாகக் குறைந்திருந்தது. இதில் வெளிநாட்டு முதலீட்டுக்கும் ஏற்றுமதித் தொழிற்சாலைகளுக்கும் உள்ள பங்கை நாம் மறுக்க முடியாது. உலகமயமாக்கல் என்றாலே சூறையாடல் என்று ஒரே வரியில் முடித்துவிடுபவர்கள் இந்தப் பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

ஆனால் அதே திறந்த வாசல் வழியாகத்தான் குறுகிய காலக் கடனும் உள்ளே வந்தது. பெரும் நிறுவனங்கள் வெளிநாட்டு வங்கிகளில் டாலரில் கடன் வாங்கி, ரூபியாவில் வருமானம் பார்த்தன. 1997 ஜூலை 2 அன்று தாய்லாந்து தன் நாணயத்தின் மதிப்பைச் சந்தையின் போக்கிற்கு விட்டதும் முதலீட்டாளர்கள் அந்த வட்டாரம் முழுவதிலிருந்தும் பணத்தை எடுக்கத் தொடங்கினர். டாலருக்குச் சுமார் 2,400 ஆக இருந்த ரூபியா, 1998இல் 16,000ஐயும் தாண்டிச் சரிந்தது. பழைய கடன் ஆறு மடங்குக்கும் மேலாகிவிட்டது.

நாணய நிதியத்தின் நிபந்தனைப்படி 1997 நவம்பர் 1 அன்று 16 வங்கிகள் மூடப்பட்டன. சிறு வைப்புத்தொகைகளுக்கு மட்டுமே உத்தரவாதம் தரப்பட்டதால், நல்ல நிலையில் இருந்த வங்கிகளிலிருந்தும் மக்கள் பணத்தை எடுக்க ஓடினர். மூடப்பட்டவற்றில் ஒன்று அதிபரின் மகனுக்குத் தொடர்புடையது. சில வாரங்களில் அவர் வேறொரு வங்கியின் பெயரில் தொழிலைத் தொடர்ந்தார். பிற்பாடு வங்கிகளைக் காப்பாற்ற அரசு கொட்டிய பணம் மக்களின் வரிச்சுமையானது. கடன் வாங்கியவர் ஒருவர், கட்டியவர் வேறொருவர்.

1998இல் நாட்டின் பொருளாதாரம் 13 சதவீதம் சுருங்கியது. உணவுப் பொருட்களின் விலை இரு மடங்குக்கும் மேல் ஏறியது. அரசுக் கணக்கின்படியே ஏறத்தாழ நான்கில் ஒருவர் வறுமைக்கோட்டின் கீழ் வந்துவிட்டார்.

அந்த ஆண்டு மே 4 அன்று எரிபொருள் விலை உயர்த்தப்பட்டது. 12ஆம் தேதி திரிசக்தி பல்கலைக்கழக மாணவர்கள் நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டனர். தொடர்ந்து வெடித்த கலவரத்தில் ஆயிரத்திற்கும் அதிகமானோர் இறந்தனர். சந்தையின் கோபம் சீன வம்சாவளியினரின் கடைகள் மீதும் பெண்கள் மீதும் திருப்பப்பட்டது வெட்கக்கேடான அத்தியாயம். மே 21 அன்று, 32 ஆண்டுகால ஆட்சியிலிருந்து சுஹார்த்தோ விலகினார்.

அடுத்த ஆண்டு 48 கட்சிகள் போட்டியிட்ட சுதந்திரமான தேர்தல் நடந்தது. நஹ்தத்துல் உலமா இயக்கத்தின் தலைவராக இருந்த அப்துர்ரஹ்மான் வாஹித் அதிபரானார். இது உண்மையான வெற்றி. அதே காலத்தில் மலேசியாவில் மகாதீர் முகம்மது 1998 செப்டம்பரில் மூலதனக் கட்டுப்பாடு விதித்து, நாணயத்தை டாலருக்கு 3.80 என நிறுத்தினார். அவர் சந்தையைத் தன் பிடியில் வைத்துக்கொண்டார். துணைப் பிரதமராக இருந்த அன்வர் இப்ராஹீம் சிறைக்குப் போனார். இந்தோனேசியருக்கு வாக்குரிமை கிடைத்தது, ஆனால் எதைத் தீர்மானிப்பதற்கான வாக்கு? 2002 இறுதியில் அரசுத் தொலைபேசி நிறுவனமான இந்தோசாட்டின் பெரும் பங்கு சிங்கப்பூர் நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. 2003 ஜனவரியில் எரிபொருள், மின்சாரம், தொலைபேசிக் கட்டணங்கள் ஒன்றாக உயர்த்தப்பட்டபோது மக்கள் தெருவில் இறங்கினர். அதிபர் மேகவதி சிலவற்றைக் குறைத்தார். நாணய நிதியத்தின் கடன் முழுமையாக அடைக்கப்பட்டது 2006இல்தான்.

எல்லாவற்றையும் விட அடுப்படிக்கு நெருக்கமான கதை தெம்பேயுடையது. சோயா மொச்சையை வேகவைத்து, தோல் நீக்கி, நொதிக்கச் செய்து, வாழையிலையில் பொதிந்து ஓரிரு நாள் வைத்தால் கட்டியாகும். ஜாவா மக்களின் பழம்பெரும் உணவு, இறைச்சி வாங்க முடியாத வீடுகளின் புரதச்சத்து. 1998 ஒப்பந்தத்தின்படி சோயா இறக்குமதியில் அரசு நிறுவனமான புலோக்கின் ஏகபோகம் நீக்கப்பட்டது. மலிவான அமெரிக்கச் சோயா சந்தையை நிரப்பியது. 1992இல் 18 லட்சம் டன்னுக்கு மேலிருந்த உள்நாட்டு விளைச்சல் 2007இல் சுமார் 6 லட்சம் டன்னானது. விவசாயி நெல்லுக்கும் மக்காச்சோளத்துக்கும் மாறிவிட்டார். தெம்பேயின் பெயரும் கைப்பக்குவமும் ஜாவாவுடையவை, மொச்சை மட்டும் கடல் கடந்து வருகிறது.

(நம் கடலோர ஊர்களில் பழக்கமான பத்திக் கைலியின் கதையும் இதற்குத் தூரமில்லை. 2009இல் இந்தோனேசிய பத்திக்கை யுனெஸ்கோ மானுடப் பாரம்பரியமாக அங்கீகரித்தது. 2010 ஜனவரியில் சீனாவுடனான தடையற்ற வணிகம் தொடங்கியது. மெழுகால் கையில் வரையும் பெண்களின் துணிக்குப் பக்கத்திலேயே இயந்திரத்தில் அச்சடித்த துணி வந்து அமர்ந்தது.)

அமெரிக்க விவசாயிகள் எத்தனால் எரிபொருளுக்காக மக்காச்சோளத்திற்கு மாறியதும் சோயா விலை ஏறியது. 2008 ஜனவரியில் தெம்பே, தோஃபு தயாரிக்கும் சிறு தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் ஜகார்த்தா அதிபர் மாளிகை முன் திரண்டனர். சுஹார்த்தோ காலத்தில் இப்படி நின்றிருக்க முடியாது. மக்கள் தேர்ந்தெடுத்த அரசு செவிசாய்த்தது. சோயா மீதிருந்த 10 சதவீத இறக்குமதி வரியை நீக்கியது. இறக்குமதி இன்னும் எளிதானது. 2012இல் அமெரிக்காவில் வறட்சி வந்தபோது, ஜூலை மாத இறுதியில் ஜாவாவின் தெம்பே பட்டறைகள் எதிர்ப்பாக மூன்று நாள் அடுப்பை அணைத்தன. அது ரமளான் மாதம்.